குளிர் நாட்டு வீடும் நம்ம லயத்துக் காம்பிராவும்

(திம்புள்ளப் பகுதித் தோட்டம் ஒன்றில் நடந்த குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



தை மாதம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள நமக்குக் கலண்டர் தேவையில்லை. பிரட்டுக்குப் போகிற நேரத்தில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. பீலித் தண்ணீரில் கையை வைத்தால் விரல் மரத்துப் போகிறது. நுவரெலியாப் பக்கமும் அக்கரப்பத்தனைப் பக்கமும் பள்ளத்தில் இருக்கிற கொழுந்து ஒரே இரவில் பனியில் கருகிப் போவதும் உண்டு.

தையிலிருந்து பங்குனி வரை அடிக்கிற இந்தக் காய்ந்த காற்றும் இராக் குளிரும்தான் திம்புள்ளத் தேயிலைக்கு வாசனையைக் கொடுக்கிறது. இந்த மாதங்களின் தேயிலைக்குத்தான் வெளிநாட்டில் பேர். ஆனால் தேயிலைக்கு நல்லதாக இருக்கிற குளிர் நம்ம பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லதாக இல்லை. டிஸ்பென்சரி வாசலில் காலையில் நிற்கிற வரிசையைப் பார்த்தாலே தெரியும். சளி, இருமல், இழுப்பு. கைப்பிள்ளையும் கிழவனாரும்தான் கூட.

ஆகவே இன்றைக்கு ஒரே விசயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நம்மைவிடக் கடும் குளிரில் இருக்கிறவர்கள் வீட்டை எப்படிக் கட்டிச் சூட்டைக் காக்கிறார்கள்? அதில் எதை நாம் நம்ம காம்பிராவில் செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது?

நாங்கள் செய்த பிழை

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இல்லை.

சில வருடங்களுக்கு முந்தி, வேறொரு தோட்டத்தில் வேலை செய்தபோது, இதே போல ஒரு தை மாதத்தில் குளிரைப் பற்றிக் கூட்டம் வைத்தோம். "காற்று வருகிற ஓட்டையை எல்லாம் அடையுங்கள், கதவுக்குக் கீழே சாக்கை வையுங்கள், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தைத் துணியால் அடையுங்கள்" என்று சொன்னோம். அதோடு பேச்சை முடித்துக்கொண்டோம். ஜனங்களும் சொன்னதைக் கேட்டார்கள். நல்லாத்தான் கேட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு லயத்துக் கோடிக் காம்பிராவில் ஒரு பச்சை உடம்புக்காரி, பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. மாமியார் மருமகள் மேல் உள்ள அன்பால் ஒரு தகரச் சட்டியில் தணலை அள்ளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் சொன்னபடி கதவு, ஜன்னல், சந்து எல்லாம் அடைத்திருந்தது. தணலில் புகை இல்லை. அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

நடுச்சாமத்தில் மூத்த பையன் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று எழும்பி, வாந்தி எடுப்பதற்காகக் கதவைத் திறந்திருக்கிறான். அவன் கதவைத் திறந்ததுதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. தாயைக் கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் ஓடி வந்து எல்லோரையும் இஸ்தோப்புக்குத் தூக்கிப் போட்டு, லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒருவரும் சாகவில்லை. அந்தக் கைப்பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறது.

அந்த மாமியார் எங்களைக் கண்டபோது ஒரு கேள்வி கேட்டார். "நீங்க சொன்னபடிதானேங்க ஐயா எல்லாம் அடைச்சோம்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சூட்டை உள்ளே வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். புகையையும் தணல் வாயுவையும் வெளியே விடச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதிப் பாடம் சொன்னால் அது கெடுதலாகவும் முடியும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இன்றைக்கு முழுப் பாடத்தையும் சொல்ல வந்திருக்கிறோம்.

கம்பளி சூடு தருமா?

மலைக்குப் போகிறபோது கம்பளி போர்த்துகிறோம். "கம்பளி சூடு" என்று சொல்கிறோம். உண்மையில் கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. ராவெல்லாம் கொடியில் கிடந்த கம்பளியைத் தொட்டுப் பாருங்கள், பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும். சூடு நம்ம உடம்பில் இருக்கிறது. கம்பளி அதைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. எப்படிப் பிடிக்கிறது? மயிருக்கு நடுவில் ஆயிரம் சின்னச் சின்னச் சந்து இருக்கிறது. அதற்குள் காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்றுதான் சூட்டுக்கு நல்ல காவல்காரன். அதனால்தான் ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வை ஒன்றுக்குமேல் ஒன்று கூடச் சூடாக இருக்கிறது. கம்பளி நனைந்துவிட்டால் அந்தச் சந்தில் எல்லாம் தண்ணீர் நிற்கும். பிறகு போர்த்தினாலும் குளிரும்.

வீடும் அப்படித்தான். குளிர் நாட்டு வீடு என்பது குடும்பம் முழுவதும் போர்த்திக்கொள்கிற ஒரு கம்பளி.

இன்னொரு விசயம். படுத்துத் தூங்குகிற பெரிய ஆள் ஒருவரின் உடம்பிலிருந்து, பழைய 75 வாட் குண்டு பல்ப் ஒன்றிலிருந்து வருகிற அளவுக்கு ஏறக்குறையச் சூடு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு காம்பிராவில் ஐந்து பேர் படுத்தால் ஐந்து பல்ப் விடியும்வரை எரிகிற மாதிரி. அதற்கு விறகும் வேண்டாம், காசும் வேண்டாம். அந்தச் சூடு எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சூடு ஓடிப்போகிற மூன்று வழி

முதலாவது வழி கூரை. சூடான காற்று மேலேதான் போகும். மேலே போனால் நம்ம லயத்தில் என்ன இருக்கிறது? ஒரு மெல்லிய தகரம். மேகம் இல்லாத பனி இரவில் அந்தத் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, வெளியில் உள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகும். நம்ம மூச்சில் உள்ள ஈரம் அதில் பட்டுத் தண்ணியாகி விடியக்காலையில் முகத்தில் சொட்டும். "தகரம் வேர்க்குது" என்று சொல்கிறோமே, அது இதுதான்.

இதற்கு மலையிலேயே சாட்சி இருக்கிறது. பனி பெய்த மறுநாள் பாருங்கள். வெட்டவெளியில் நிற்கிற தேயிலை கருகியிருக்கும். நிழல் மரத்துக்குக் கீழே நிற்கிற தேயிலை அவ்வளவு கருகியிருக்காது. செடிக்கும் வானத்துக்கும் நடுவில் மரம் ஒரு மறைப்பாக நிற்கிறது. வீட்டில் அந்த மரம் செய்கிற வேலையைச் செய்வது சீலிங். சீலிங் இல்லாத தகர வீடு வெட்டவெளியில் நிற்கிற தேயிலைச் செடி மாதிரி.

இரண்டாவது வழி காற்று. கதவுக்குக் கீழே, ஜன்னல் பலகைச் சந்தில், உடைந்த கண்ணாடியில் காற்று உள்ளே வந்து, சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது.

மூன்றாவது வழி தரையும் ஈரமும். சீமெந்துத் தரையில் ஒரு பாயை மட்டும் விரித்துப் படுத்தால் உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுவர் ஈரமாக இருந்தால் அது நனைந்த கம்பளிக்குச் சமம்.

நம்ம பகுதியில் குளிர் இரண்டு வகை என்பதையும் கவனியுங்கள். தை மாசியில் வருவது தெளிந்த வானத்துப் பனி. அப்போது பெரிய எதிரி கூரை. ஆனி, ஆடி, ஆவணியில் வருவது மேல்காற்றும் அடைமழையும். அப்போது பெரிய எதிரிகள் காற்றும் ஈரமும். இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம சொந்தக்காரர்கள் நிறையப் பேர் தமிழ்நாட்டில் நீலகிரிக்குப் போனார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இன்றைக்கும் தேயிலையில் இருக்கிறார்கள். அங்கேயும் நம்ம மாதிரித்தான் பனி. அந்த மலையில் பழங்காலம் தொட்டு இருக்கிறவர்கள் தோடர்கள். எருமை வளர்க்கிற ஜனம். அவர்களின் பழைய வீடு பீப்பாயை நீளவாட்டில் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல்லைத் தடிப்பாக வேய்ந்திருப்பார்கள். கூரையே சரிந்து தரைக்குக் கிட்ட வரும். ஜன்னல் கிடையாது. வாசல் ஏறக்குறைய மூன்றடி உயரம்தான். பெரியவர்களும் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். சுற்றிவரக் கல் மதில்.

யோசித்துப் பாருங்கள். தடித்த புல்லுக்குள் அசையாத காற்று நிற்கிறது. வளைந்த கூரையில் காற்று மோதாமல் வழுக்கிப் போகிறது. வாசல் சின்னது, அதுவும் பள்ளத்தில் இருப்பதால் மேலே நிற்கிற சூடான காற்று வெளியே போவதில்லை. பள்ளிக்கூடம் போகாத மக்கள் கண்டுபிடித்த கெட்டித்தனம் இது. ஆனால் ஒரு குறையும் உண்டு. அடுப்பும் உள்ளேதான், புகை போகத் தனி வழி இல்லை. சூடு நின்றது, கூடவே புகையும் நின்றது. இன்றைக்குத் தோடர்களில் பெரும்பாலானவர்கள் சாதாரணக் கல் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இந்தியாவின் வடகோடியில் லடாக் இருக்கிறது. அங்கே மாரிகாலத்தில் தண்ணீர் உறையும் நிலைக்குக் கீழே 15 பாகை, 20 பாகை என்று இறங்கும். விறகுக்கு மரமும் குறைவு. அங்கே சுவரை மண்ணால் தடிப்பாகக் கட்டுகிறார்கள். பகல் வெயிலை அந்த மண் குடித்து வைத்து, ராவில் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் விடும். அங்கே 1988இல் சோனம் வாங்சுக் என்பவரும் அவரோடு சேர்ந்த மாணவர்களும் செக்மோல் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார்கள். லே நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் கட்டடங்களில் கண்ணாடி ஜன்னல்கள் தெற்குப் பார்த்து இருக்கின்றன. மாரிகாலச் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் வெயில் நேரே உள்ளே விழுகிறது. அடுப்பு மூட்டாமலே பிள்ளைகள் உள்ளே இருந்து படிக்கிறார்கள்.

இனி வெளிநாட்டுக்குப் போன தமிழர்களைப் பாருங்கள். கனடா, நோர்வே, சுவிஸ் நாடுகளில் வீட்டுச் சுவர் ஒற்றைச் சுவர் இல்லை. உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, நடுவில் பஞ்சு மாதிரியான ஒரு நார் அடைத்திருக்கும். ஜன்னலில் இரண்டு கண்ணாடி, சில இடத்தில் மூன்று. நடுவில் காற்று அடைபட்டிருக்கும். தேத்தண்ணி ஊற்றி வைக்கிற பிளாஸ்க்கிலும் இப்படி இரண்டு சுவர்தான். கூரைக்குக் கீழேதான் எல்லாவற்றையும்விடத் தடிப்பாக அடைப்பார்கள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டி.

இவ்வளவு அடைத்த பிறகு அவர்கள் சும்மா இருப்பதில்லை. கெட்ட காற்றை வெளியேற்றத் தனிக் குழாய் வைக்கிறார்கள். நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எரிபொருள் எரிகிற வீட்டில் நச்சு வாயுவைக் கண்டு அலறுகிற ஒரு மணியை மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட பாதிப் பாடம் அதுதான். அடைக்கிறவன், காற்று வெளியேற வழியும் வைக்க வேண்டும்.

ஒரே மலை, இரண்டு வீடு

தூரத்துக்குப் போகத் தேவையில்லை. நம்ம தோட்டத்துத் துரை பங்களாவைப் பாருங்கள். வெள்ளைக்காரன் குளிர் நாட்டிலிருந்து வந்தவன். தனக்கு வீடு கட்டினபோது தன் ஊரில் படித்த பாடத்தை மறக்கவில்லை. தடித்த கருங்கல் சுவர், மரச் சீலிங், பலகைத் தரை, கண்ணாடி ஜன்னல், அறையில் கணப்பு அடுப்பு, அதற்குக் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கிற புகைக்கூடு. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பிலும் அந்தக் கணப்பு அடுப்புகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

அதே மலையில், அதே பனியில், நம்ம முன்னோருக்குக் கட்டினது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. மேலே தகரம். சீலிங் இல்லை, புகைக்கூடு இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் போனதில்லை. தெரிந்துதான் கட்டினார்கள். ஒருவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பங்களாவில் இருந்தது ஆடம்பரம், நமக்குத் தேவையில்லை என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. சீலிங்கும் புகைக்கூடும் ஆடம்பரம் இல்லை. ஆறாயிரம் அடிக்குக் கிட்ட இருக்கிற மலையில் அது சோற்றுக்கு உப்பு மாதிரி.

புகையும் தணலும்

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். தாய்மார் கவனமாகக் கேளுங்கள்.

கவ்வாத்து மிலாறை அரைகுறையாகக் காயவைத்து எரித்தால் கண் எரிகிற புகை வரும். அதனுடைய நுண்ணிய கரி நெஞ்சுக்குள் போய் உட்காரும். அடுப்புப் புகை அடைந்த வீட்டில் வளர்கிற ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல் வருவது கூட. அடுப்படியில் அதிக நேரம் இருக்கிற தாய்க்கும் வயது போகப் போக மூச்சுவாங்குகிறது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது காஸ் அடுப்பு வைத்திருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். ஆகவே விறகு அடுப்பு நம்மைவிட்டு இப்போதைக்குப் போகாது. அதை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் வழி.

புகையாவது கண்ணுக்குத் தெரியும். தணலிலிருந்து வருகிற நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாது. காபன் மொனொக்சைட் என்று அதற்குப் பெயர். நிறம் இல்லை, மணம் இல்லை. நம்ம இரத்தம் மூச்சுக்காற்றை ஏந்துகிற இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்று, வாந்தி, கை கால் சோர்வு, மயக்கம். தூக்கத்தில் இருக்கிறவருக்கு இது ஒன்றும் தெரியாது. அப்படியே போய்விடுவார். கரியானாலும் விறகுத் தணலானாலும் ஒன்றுதான்.

ஆகவே ஒரு சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். படுக்கிற காம்பிராவுக்குள் தணல் சட்டி வரக்கூடாது. பச்சை உடம்புக்காரிக்கும் கூடாது, கைப்பிள்ளைக்கும் கூடாது, இருமுகிற தாத்தாவுக்கும் கூடாது. "எங்க பாட்டி காலத்தில போட்டாங்களே, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பீர்கள். பாட்டி காலத்தில் காம்பிராவில் ஆயிரம் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைதான் பாட்டியைக் காப்பாற்றியது.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்தால் சாப்பாடு சரியில்லை என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள். 1990க்குப் போன் போட்டால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அப்படியானால் பிறந்த பிள்ளைக்குச் சூடு எங்கே? தாயின் நெஞ்சில் இருக்கிறது. பிள்ளையை வெறும் உடம்போடு தாயின் நெஞ்சில் படுக்கப்போட்டு, மேலே போர்வையால் மூடி, தலைக்குத் தொப்பி போடுங்கள். மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும். ஆஸ்பத்திரியிலேயே எடை குறைந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். படுக்கையைச் சூடாக்க வேண்டுமானால் சுடுதண்ணிப் பையைத் துணியால் சுற்றிக் கொஞ்ச நேரம் படுக்கையில் வையுங்கள். பிள்ளையைப் படுக்கவைக்க முந்தி அதை எடுத்துவிடுங்கள்.

நம்ம கையால் செய்யக்கூடியது

வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம். பெரிய செலவு இல்லை.

ஒன்று, படுக்கிற காம்பிராவுக்குச் சீலிங். பலகை போட வசதி இல்லாவிட்டால் மூங்கில் தட்டி போதும். தகரத்துக்கும் தட்டிக்கும் நடுவில் இடம் விடுங்கள். அந்த இடத்தில் நிற்கிற காற்றுதான் கம்பளி. கழுவிக் காயவைத்த உரச் சாக்கைத் தைத்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சாக்கும் ரெஜிபோமும் தீப்பிடித்தால் உருகி மேலே சொட்டும். ஆகவே அடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் கிட்ட அவை வேண்டாம்.

இரண்டு, படுக்கிற இடத்தில் கதவின் கீழ்ச் சந்துக்கு மணல் நிரப்பிய துணிப் பை. ஜன்னல் பலகை ஓரத்துக்குத் துணிப் பட்டி. பொழுது சாய முந்தி ஜன்னலைச் சாத்தி, தடித்த துணியைத் திரையாகப் போடுங்கள். ஆனால் மேலே ஒரு சின்னக் காற்று வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். நாலைந்து பேர் மூச்சு விடுகிற இடம் அது.

மூன்று, குசினியில் இதற்கு நேர்மாறு. அடுப்பு எரிகிற நேரமெல்லாம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குசினிக்கும் படுக்கிற காம்பிராவுக்கும் நடுவில் கதவு இருந்தால் சாத்தி வையுங்கள். மூன்று கல் அடுப்புக்குப் பதிலாக 1980களிலிருந்து நம்ம நாட்டில் புழங்குகிற இரட்டை வாய் மண் அடுப்பு, அனகி அடுப்பு என்பார்கள், அதை வைத்தால் விறகும் மிச்சம், புகையும் குறைவு. மிலாறை மழை படாமல் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு எரியுங்கள்.

நாலு, தரையில் படுக்கிறவர்கள் பாய்க்குக் கீழே பலகையோ, தடித்த அட்டையோ, சாக்கோ போடுங்கள். மேலே போர்த்துகிற அளவுக்குக் கீழேயும் விரிப்பு வேண்டும்.

ஐந்து, வெயில் வருகிற நேரம், பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மெத்தை, போர்வை வெயிலில் காயட்டும். நனைந்த கம்பளியையும் படங்கையும் படுக்கிற காம்பிராவில் தொங்கப்போடாதீர்கள். இஸ்தோப்பில் போடுங்கள்.

ஆறு, லயத்துக்குப் பின்னால் இருக்கிற கானைத் துப்பரவாக வையுங்கள். கான் அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் ஏறும். ஈரச் சுவரை எந்த அடுப்பாலும் சூடாக்க முடியாது. கான் வெட்டுகிற சாக்கில் மண் மேட்டைக் குடைந்துவிடாதீர்கள். மழையில் சரியும்.

ஏழு, கூரை அஸ்பெஸ்டஸ் ஷீட் ஆக இருந்தால் அதை வாளால் அறுக்கவோ, ஆணியால் ஓட்டை போடவோ, உடைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது.

கேட்டு வாங்க வேண்டியது

எல்லாவற்றையும் நம்ம தலையிலேயே போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. லயத்துக் கூரையில் ஒழுகுகிற தகரம், உடைந்த ஜன்னல், இடிந்த கான், புகைக்கூடு இல்லாத குசினி ஆகியவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை. வாய்ச்சொல்லாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். எந்த லயம், எத்தனையாம் காம்பிரா, என்ன பழுது, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, தோட்டத் தலைவர் மூலமாகவும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவும் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், அழகாக எழுதுவார்கள்.

புதிய வீடு கிடைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய உதவியோடு நம்ம மலையகத்தில் முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. லயத்தைவிட்டுத் தனி வீட்டுக்குப் போவது பெரிய காரியம், சந்தோசம். ஆனால் லயத்தில் இரண்டு பக்கமும் பக்கத்துக் காம்பிராவின் சுவர் நமக்குப் போர்வையாக இருந்தது. தனி வீட்டில் நாலு பக்கமும் காற்று. ஆகவே எந்தத் திட்டத்தில் வீடு கட்டினாலும், உங்கள் கருத்தைக் கேட்கிற நேரத்தில் மூன்று காரியத்தைக் கேளுங்கள். ஒன்று, சீலிங். இரண்டு, கூரை முகட்டுக்கு மேலே இரண்டடியாவது உயர்ந்து நிற்கிற புகைக்கூடு. மூன்று, காலை வெயில் விழுகிற பக்கம் ஜன்னல், மேல்காற்று அடிக்கிற பக்கம் முடிந்த அளவு சின்ன ஜன்னல். பெயின்ட் பிறகு அடிக்கலாம். சோகேஸ் பிறகு வாங்கலாம். புகைக்கூட்டைப் பிறகு வைப்போம் என்று விட்டால் அது வராது.

தாய்மாரே, பெரியவர்களே, பேச்சு நீண்டுவிட்டது. வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரி படுக்க முந்தி விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதவோரத்திலும் ஜன்னலோரத்திலும் கையை வைத்துப் பாருங்கள். எங்கே காற்று வருகிறது என்று கை சொல்லும். அதை அடையுங்கள். பிறகு மேலே பாருங்கள், கெட்ட காற்று போக ஒரு வழி இருக்கிறதா என்று. அது இல்லாவிட்டால் நாளைக்கே எங்களுக்குச் சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்த மாமியார் கேட்ட கேள்வியை இன்னொரு வீட்டில் இன்னொருவர் எங்களிடம் கேட்கக்கூடாது. அதற்காகத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வந்தோம்.